பாறை மாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பு நாடுகளுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கூடுகிறீர்கள். இறால் போன்ற சிறு கடலுயிரான கிரிலை எந்தக் கடற்பகுதியில் எத்தனை டன் பிடிக்கலாம், எந்தப் பரப்பை மூடிவைக்கலாம் என்று பேசி முடிவெடுக்கிறீர்கள். உருகும் பனியாறுகள் கரையோரக் கடலுக்குள் கொண்டுவந்து கொட்டும் வண்டலுக்கும் அந்தப் பேச்சில் ஓர் இடம் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அண்டார்க்டிக் தீபகற்பத்துக்கு அருகே உள்ள கிங் ஜார்ஜ் தீவில் பாட்டர் குடா இருக்கிறது. அதன் கரையில் அர்ஜென்டினாவின் கார்லினி நிலையம். குடாவின் உள்முனையில் ஃபோர்கேட் பனியாறு. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்தக் கரையில் கிரில்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து ஒதுங்கின. ஆறு சென்டிமீட்டர் கூட எட்டாத, ஒளி ஊடுருவும் உடல்கள், கற்களுக்கு இடையில் இளஞ்சிவப்பாகக் கிடந்தன. ஆய்வாளர்கள் அவற்றின் குடலைத் திறந்து பார்த்தார்கள். பாசியை எதிர்பார்க்க வேண்டிய இடத்தில் கல்தூள் இருந்தது. அதோடு நிற்காமல், உயிருள்ள கிரில்களை வண்டல் கலந்த நீரில் வைத்தும் சோதித்தார்கள். அவை உண்பதும், உண்டதிலிருந்து சத்தை எடுத்துக்கொள்வதும், அவற்றின் பொதுவான தெம்பும் குறைந்தன. இந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, கிரில் பற்றிய எந்தக் கணக்கைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கல்தூள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. பனியாறு அசையாத பனிக்கட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது நகர்கிறது. அடியில் சிக்கிய கற்களைத் தரைப்பாறை மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டே போகிறது. திரிகைக்குள் தானியம் அரைபடுகிற மாதிரி பாறை அரைபடுகிறது. அப்படி அரைபட்டு வருவதைப் பாறை மாவு என்றே சொல்கிறார்கள். அதில் மிக நுண்ணிய துகள் இரண்டு மைக்ரானுக்கும் கீழே; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பனி உறைந்தே இருக்கும்வரை இந்த மாவில் பெரும்பகுதி அடியிலேயே கிடக்கும். கோடையில் உருகுநீர் ஓடத் தொடங்கியதும் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு கடலில் சேர்க்கிறது. வெப்பம் கூடினால் நீர் கூடும், நீரோடு மாவும் கூடும்.

ஒரு சின்னச் சோதனை உண்டு, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் கடல்நீர் அளவுக்கு உப்பைக் கரையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு நைசான களிமண்ணைப் போட்டுக் கலக்கிவிட்டு அப்படியே வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் உப்புக் குவளை தெளியத் தொடங்கும். அடியில் மெத்தென்று ஒரு படிவு சேரும். நன்னீர்க் குவளையோ மறுநாள் காலையிலும் பால் போலக் கலங்கியே இருக்கும். உப்பு, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்கி இறக்கிவிடுகிறது. துருவக் குடாக்களில் நடப்பதும் இதுதான். உருகுநீர் நன்னீர், உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் மேலே மிதந்தபடி துகளையும் சுமந்துகொண்டு வெகுதூரம் போகிறது. உப்போடு கலக்கக் கலக்க, துகள்கள் திரண்டு கீழே விழுகின்றன. திரளாமல் தனியாக இருக்கும் இரண்டு மைக்ரான் துகள் ஒன்று, அந்தக் குளிர்ந்த அசையாத நீரில் ஒரே ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரே வண்டல் இரண்டு இடத்தில் தாக்குகிறது. மிதக்கும்போது நீரில் வாழ்பவற்றை, விழுந்தபின் தரையில் வாழ்பவற்றை.

நீரில் வாழ்வது கிரில். அதன் முன்கால்கள் ஆறு இணைகளும் சேர்ந்து ஒரு கூடையாகின்றன. கூடையை விரித்தால் நீர் உள்ளே வரும். மூடினால் நீர் மயிரிழைகள் வழியே பிதுங்கி வெளியேறும், பாசி உள்ளே தங்கும். அந்த மயிரிழைகளின் இடைவெளி சில மைக்ரான்தான். பல கோடி ஆண்டுகள் தெளிந்த நீரில் செதுக்கப்பட்ட சல்லடை அது. பாறை மாவிலும் இதே பருமனுள்ள துகள்தான் ஏராளம். நீர் அப்படிக் கலங்கிக் கிடக்கும்போது வயிறு நிறையும், ஆனால் பசி தீராது. இதைவிடக் கொடிய பட்டினியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தரையில் நடந்தது இன்னும் அமைதியாக நடந்தது. யாரும் கரையில் நின்று பார்த்திருக்க முடியாது. பாட்டர் குடாவின் அடியில் முக்குளிப்பவர்கள் மூழ்கி, ஒரே இடங்களை 1994, 1998, 2010 ஆகிய ஆண்டுகளில் பதிவு செய்தார்கள். முதல் இரண்டு முறையும் அங்கே அசிடியன்கள்தான் ஆட்சி செய்தன. அசிடியனைக் கடற்பீச்சி என்றும் சொல்லலாம். பார்க்கத் தோல்பை போல இருக்கும், சிலவற்றுக்கு நீண்ட காம்பு. மேலே இரண்டு துளைகள். ஒன்றில் நீரை இழுத்து, உள்ளே கொழகொழப்பான வலையில் உணவைப் பிடித்துக்கொண்டு, மற்றதில் வெளியேற்றும். நாள் முழுக்க இதே வேலை. இடத்தைவிட்டு நகர முடியாது. மேலே என்ன விழுந்தாலும் அது அங்கேயேதான் இருந்தாக வேண்டும்.

2010இல் போனபோது அந்த அசிடியன் தோப்பு பழைய தோப்பாக இல்லை. அசிடியன்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பவளத்துக்கு உறவான, இறகு போன்ற, வண்டலைத் தாங்கக்கூடிய கடற்பேனாக்களும் வேறு சில உயிர்களும் அந்த இடத்தில் கலந்து நின்றன. 2015இல் வெளிவந்த அந்த ஆய்வு, பனியாறு பின்வாங்கியதையும் அதனால் கூடிய வண்டலையும்தான் முதன்மைக் காரணமாகக் காட்டியது. என்னை உலுக்கியது அந்த மாற்றத்தின் வேகம். குளிர்க்கடலில் எல்லாம் மெதுவாக வளரும், மெதுவாகவே மாறும் என்று பாடம் படித்தவர்கள் நாம். 1994க்கும் 1998க்கும் இடையே பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் தரை முழுக்க வேறாகிவிட்டது. நான்கு ஆண்டுகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று ஆய்வை நிறுத்தியிருந்தால் இது நமக்குத் தெரியவே வந்திருக்காது.

இது ஒரு குடாவின் கதை, ஒரு தீவின் மூலை என்று சொல்லலாம். சரி. ஆனால் அண்டார்க்டிக் தீபகற்பத்தில் கடலில் முடியும் 244 பனியாறுகளைப் பழைய வான்வழிப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. அவற்றில் 87 விழுக்காடு பின்வாங்கியிருந்தன. 2020 பிப்ரவரி 6 அன்று, தீபகற்பத்தின் முனையில் உள்ள எஸ்பரான்சா நிலையத்தில் வெப்பம் 18.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது. உலக வானிலை அமைப்பும் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. பாட்டர் குடாவில் முப்பது ஆண்டுகளாக ஆய்வுக்கூடம் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. மற்றக் குடாக்களில் பலவற்றில் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வடக்கே போனால் இதன் அடுத்த கட்டமே தெரியும். கிரீன்லாந்திலிருந்து கடலுக்குப் போகும் நீர், உலகின் மொத்த நன்னீர் வரத்தில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. ஆனால் ஆறுகள் கடலுக்குக் கொண்டுசேர்க்கும் மொத்த மிதவை வண்டலில் சுமார் 8 விழுக்காடு அங்கிருந்துதான் போகிறது. இது 2017இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டது. உலக நீர்வரத்தில் நூற்றில் ஒரு பங்கு, உலக வண்டலில் நூற்றில் எட்டுப் பங்கைச் சுமக்கிறது என்றால், பனி எப்படி அரைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள கோங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்குடா இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. அங்கே கடலுக்குள் நேராக முடியும் பனியாறுகளின் அடியிலிருந்து உருகுநீர் பீறிட்டு, எடை குறைந்ததால் மேலே எழும்பி வரும். வரும்போது ஆழத்து நீரையும், அதில் உள்ள சின்ன உயிர்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். பனிச்சுவர் முன்னால் பழுப்பாகக் கொப்பளிக்கும் அந்த நீரின் மேல் கடற்பறவைகள் மொய்த்துக்கொண்டு தின்னும். அதே பனியாறு பின்வாங்கிப் பின்வாங்கித் தரைக்கு ஏறிவிட்டால் அந்த எழும்பல் நின்றுபோகும். கலங்கல் மட்டும் ஓடையாக வந்து மேற்பரப்பில் பரவும். விருந்து போய்விடும், சேறு மிஞ்சும். பாட்டர் குடாவின் ஃபோர்கேட் பனியாறும் இப்போது கடலைவிட்டுத் தரைக்கு ஏறிவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. பாறை மாவில் இரும்பு இருக்கிறது. தென்பெருங்கடலின் பெரும்பகுதியில் பாசி வளராமல் நிற்பதற்கு இரும்புப் பற்றாக்குறைதான் காரணம். ஆகவே கரையைவிட்டு விலகி, துகள் படிந்து நீர் தெளிந்த பிறகு, பனியாறு தரும் இரும்பு அங்கே உரமாகலாம். பனி விலகிய புதிய பாறைகளில் பெரும்பாசிகள் வேரூன்றுவதையும் பாட்டர் குடாவிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. அதனால் அந்தப் பாசிகளால் ஆழத்துக்குப் போக முடியவில்லை. எங்கே உரம், எங்கே நஞ்சு என்பது தூரத்தையும் பருவத்தையும் அளவையும் பொறுத்தது. அதனால்தான் அளக்க வேண்டும் என்கிறேன். அளக்காமல் நன்மை என்று சொல்வதற்கும் இடமில்லை, தீமை என்று சொல்வதற்கும் இடமில்லை.

இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

1980இல் கையெழுத்தாகி 1982இல் நடைமுறைக்கு வந்த உங்கள் ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். இரண்டு, மூன்று பத்தாண்டுகளுக்குள் மீள முடியாத மாற்றம் கடல் சூழலில் வராமல் தடுக்க வேண்டும், அல்லது அந்த ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அப்படி மதிப்பிடும்போது மீன்பிடிப்பின் விளைவோடு சுற்றுச்சூழல் மாற்றத்தின் விளைவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. புவி வெப்பம் என்ற சொல் இன்றைப்போல் எல்லார் வாயிலும் புழங்காத காலத்தில் இதை எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு முன்யோசனை! பாட்டர் குடாவின் அசிடியன் தோப்பு இரண்டு மூன்று பத்தாண்டுகளில் திரும்பி வருமா? பனியாறு அதே இடத்துக்குத் திரும்பி வராத வரை எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் சொந்த அளவுகோலை வைத்தே கேட்கிறேன், இந்த மாற்றம் எந்தக் கணக்கில் வருகிறது?

தீபகற்பத்தின் கரை 48.1 என்ற உங்கள் உட்பகுதிக்குள் வருகிறது. 48ஆம் பகுதி முழுவதற்குமான கிரில் அளவு ஆண்டுக்கு 620,000 டன். அதில் 155,000 டன்னுக்கு மேல் 48.1இல் எடுக்கக்கூடாது என்ற பங்கீடு பல ஆண்டுகள் இருந்தது. 2024இல் ஒருமித்த முடிவு வராததால் அந்தப் பங்கீடு காலாவதியானது. 2025இல் பருவம் முடியும் முன்பே 620,000 டன்னும் தீர்ந்து மீன்பிடிப்பை மூட வேண்டியதாயிற்று. பங்கீடு இல்லாதபோது கப்பல்கள் கிரில் அடர்ந்த இடத்துக்குத்தான் போகும். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிரில் அடர்ந்த இடம் எது? 2009 மே மாதம், தீபகற்பத்தின் வில்ஹெல்மினா விரிகுடாவில் மட்டும் சுமார் 20 லட்சம் டன் கிரில் திரண்டிருந்ததையும், அதைத் தின்ன 306 கூன்முதுகுத் திமிங்கலங்கள் கூடியிருந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இலையுதிர் காலத்தில் கிரில் வெளிக்கடலைவிட்டுக் கரையோர விரிகுடாக்களுக்குள் வருகிறது. அந்த விரிகுடாக்களைச் சுற்றித்தான் பனியாறுகள் நிற்கின்றன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உருகுநீர் உச்சத்தில் இருப்பது ஜனவரி, பிப்ரவரியில். கிரில் கரைக்குள் பெருந்திரளாக வருவது அதற்குப் பிறகு. இரண்டும் ஒரே நேரத்தில் மோதுவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், பெரும்பாலும் மோதுவதில்லை. ஆனால் பாட்டர் குடாவில் மோதியிருக்கிறது. உருகும் பருவம் நீண்டால் அந்த இடைவெளி சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறது என்பதை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

உங்களிடம் சூழல் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. அடேலி பென்குவின் எத்தனை குஞ்சு பொரித்தது, உரோமக் கடல்நாய் குட்டிக்கு உணவு தேடி எத்தனை நாள் வெளியே போனது என்றெல்லாம் பல பத்தாண்டுகளாக உறுப்பு நாடுகள் குறித்துவைத்துக்கொண்டு வருகின்றன. எனக்கு அந்த உழைப்பின் மேல் பெரிய மதிப்பு உண்டு. குளிரில், காற்றில், கரையில் உட்கார்ந்து குஞ்சுகளை எண்ணுகிறவர்கள் அருகே அதே கரையில் கலங்கிய நீர் ஓடிக் கடலில் கலக்கிறது. அதையும் அவர்களே ஒரு குப்பியில் பிடித்துக்கொள்ளட்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். அந்தத் தட்டு இன்றும் வேலை செய்கிறது. கூடவே ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, வடிதாளை உலர்த்தி எடைபோட்டால் துகளின் அளவு தெரிந்துவிடும். செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல படம் எடுக்கிறது. ஆனால் தீபகற்பத்தின் மேல் மேகம் விலகுவது அரிது, தவிர மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அடித்தரை தெரியாது.

நான் கேட்பது இவ்வளவுதான். தீபகற்பத்திலும் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளிலும் நிலையம் வைத்திருக்கும் உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும், உருகும் பருவம் முழுவதும் தத்தம் குடாவின் கலங்கலை ஒரே முறையில் அளந்து, உங்கள் கண்காணிப்புத் திட்டத்தின் பொதுப் பதிவில் சேர்க்க வேண்டும். குறைந்தது சில குடாக்களிலாவது பாட்டர் குடாவில் செய்ததுபோல் அடித்தரையையும் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நான்கு ஆண்டில் நிறுத்திவிடக்கூடாது. 48.1க்கான பங்கீட்டை மறுபடி எழுதும்போது, பனியாறு முடியும் விரிகுடாக்களைத் தனியாக எடுத்து, கலங்கல் கணக்கு தெரியும்வரை அங்கே வலைவீச்சைத் தள்ளிவைக்க வேண்டும்.

இது உங்களுக்குப் புதிய பாதையும் இல்லை. நிலத்திலிருந்து கடல்மேல் மிதந்து நீளும் பனித்தட்டுகள் உடைந்து புதிதாகத் திறக்கும் கடற்பரப்பை அறிவியல் ஆய்வுக்கான சிறப்புப் பகுதியாகக் கொஞ்ச காலம் ஒதுக்கிவைக்கும் விதியை நீங்களே ஏற்படுத்தினீர்கள். 2017 ஜூலையில் லார்சன் சி பனித்தட்டிலிருந்து சுமார் 5,800 சதுர கிலோமீட்டர் பனிமலை பிரிந்தபோது அதைப் பயன்படுத்தியும் காட்டினீர்கள். ஒரு பெரிய தட்டு உடைந்தால் உலகமே திரும்பிப் பார்க்கிறது. சிறு குடா ஒன்றில் பனியாறு ஆண்டுக்குக் கொஞ்சமாகப் பின்வாங்கினால் செய்தியாகாது. அந்தச் சிறு குடாவுக்கும் அதே கனிவு வேண்டும். கிரில் பிடிக்கும் நிறுவனங்களேகூட 2018 முதல் பென்குவின் குடியிருப்புகளுக்கு அருகே, இனப்பெருக்கக் காலத்தில் தாமாகவே விலகி நிற்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. விலகி நிற்பது சாத்தியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உங்கள் முடிவுகள் ஒருமனதாக வர வேண்டும் என்பது தெரியும். ஒரு நாடு தலையசைக்காவிட்டால் போதும், எல்லாம் அடுத்த அக்டோபருக்குப் போய்விடும். பாதுகாப்புப் பகுதிகள் பற்றிய பேச்சு அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. அர்ஜென்டினாவும் சிலியும் தீபகற்பத்துக்காக 2018இல் முன்வைத்த திட்டமும் அதில் ஒன்று. ஆனால் கலங்கலை அளப்பது யாருடைய வலையையும் சுருட்டச் சொல்வதில்லை. மீன் பிடிக்கும் நாட்டுக்கும் அது வேண்டும், பிடிக்காத நாட்டுக்கும் வேண்டும். கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது என்று எங்கள் மொழியில் ஒரு சொல்வழக்கு உண்டு. நீங்கள் அந்த மாதிரி ஆட்கள் இல்லை என்று நம்புகிறேன். குட்டை எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிடிக்கலாம் என்று முதலில் இதை மட்டுமாவது ஒத்துக்கொள்ளுங்கள். உங்களில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. இந்த மடலைத் தமிழில் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அண்டார்க்டிகக் கோடையின் உருகுநீர் ஜனவரியில் பெருகும். அதற்கு முந்தைய அக்டோபரில் நீங்கள் முடிவெடுத்தால், அந்தக் கோடையிலேயே முதல் தட்டு நீரில் இறங்கிவிடும்.

அன்புடன்,
தென்கடலைத் தொலைவிலிருந்து தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்